நூல்நிலையமும் இளைஞர் கூட்டமும்

நூல்நிலையம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன இரண்டு: பூட்டிய கண்ணாடி அலமாரி ஒன்று, 'பேசாதீர்' என்று எழுதி மாட்டிய பலகை ஒன்று. இவ்விரண்டும் வேண்டுவனவே என்பதை யாம் மறுக்க வரவில்லை. அலமாரி இல்லையேல் நூல் கறையானுக்கு இரையாகும். அமைதி இல்லையேல் படிப்பு ஓடாது. ஆயினும் அலமாரியும் அமைதியுமே நூல்நிலையம் என்று கொள்வோமாயின், அதன் பயனிற் பாதியை நாமே வேண்டாவென்று தள்ளியவராவோம். வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் அப்பலகையைத் திருப்பி வைத்தல் வேண்டும்; ஊர்ச் சிறுவரும் இளைஞரும் கட்டணமின்றிக் கூடிக் கதை கேட்கவும், படித்த நூலைப்பற்றி வாதாடவும், கற்றார் ஒருவர் பேசக் கேட்டு வினாவவும் அவ்விடம் திறந்திருத்தல் வேண்டும். அதுவும் பட்டணத்து நடுவில் உள்ள பெரிய நூல்நிலையத்தில் மட்டுமன்றி, எம் மூலக்குளம் போன்ற புறப்பகுதிகளிலேயே நிகழ்தல் வேண்டும் என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

புதுச்சேரியார்க்கு நூல்நிலையம் புதியதொன்றன்று. பிரெஞ்சு ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் என்பார் காலத்தில், 1827-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, இங்குப் பொது நூல்நிலையம் தோன்றிவிட்டது. சென்னையிற் கன்னிமாரா நூல்நிலையம் 1896-இல் திறக்கப்பெற்றது என்பதை நோக்க, நம் பட்டணம் 69 ஆண்டு முந்திக்கொண்டது என்று பெருமை பேசலாம். ஆனால் அந்நாளிற் 'பொது' என்னும் சொல்லுக்கு இருந்த பொருள் வேறு. தொடக்கத்தில் அக்கதவு ஐரோப்பியர்க்கே திறந்திருந்தது. இம்மண்ணின் மக்கள் உள்ளே நுழைந்தது பின்னரே. பிரெஞ்சு எழுத்தாளர் உரோமன் ரோலந்து 1915-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு பெற்றவர். இராமகிருஷ்ணரைப் பற்றியும் காந்தியடிகளைப் பற்றியும் நூல் எழுதி நம் நாட்டை மேனாட்டார்க்கு அறிவித்தவர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1966-இல் அவர் பெயரே இந்நூல்நிலையத்திற்குச் சூட்டப்பெற்றது. இன்று அங்கே எவரும் போகலாம்; எக்குலத்தீர், எச்சமயத்தீர் என்று கேட்பார் இலர்.

எனினும், கதவு திறந்திருத்தல் வேறு; வருவார்க்கு வழி இருத்தல் வேறு. மூலக்குளம், புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில், இரெட்டியார்பாளையத்தைக் கடந்தபின் வருவது. உழவர்கரை நகராட்சியைச் சார்ந்தது. அங்கிருந்து கடற்கரைப் பக்கத்து நூல்நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர். கல்லூரி மாணவர்க்கு இஃது ஒரு தொலைவா எனலாம். பத்து வயதுச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். சாலையோ இடையறாத வண்டிகள் ஓடுவது; துணைக்கு ஒருவர் வேண்டும்; அத்துணைவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும்; இருவர்க்கும் போகவர பேருந்துக் காசு வேண்டும். நூல்நிலையத்தார் ஒரு காசும் கேளாதிருக்க, வழியே அவன் கையிற் காசு கேட்கின்றது.

எம் ஊரின் பெயரிற் குளம் உண்டு. வீட்டுமனைகளும் கடைகளும் நாளுக்கு நாள் பெருகிவரும் பகுதி அது. திருமண மண்டபங்கள் உண்டு. அவற்றின் ஒரு நாள் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். தனிப்பயிற்சி நிலையங்கள் உண்டு. அவையும் பணம் கொடுப்பார்க்கே. இளைஞர் கூடும் இடங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தோம். தேநீர்க் கடைப் பலகை ஒன்று. யாரோ ஒருவர் வீடு கட்டத் தொடங்கும் வரை மட்டைப் பந்தாடக் கிடைக்கும் வெற்றுமனை ஒன்று. இவ்விரண்டும் ஆண்மக்களுக்கு. எம்மைப் போன்ற பெண்மக்களுக்கு அவையும் இல்லை. மாலையில் வீட்டுக்குள் அடங்கிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருத்தலே எமக்கு வாய்த்த ஊர்மன்றம்.

கோயில் மண்டபம் இல்லையா, ஆலயத்துக் கூடம் இல்லையா என்று வினவலாம். உண்டு, அவற்றில் நற்பணியும் நடைபெறுகின்றது. ஆயினும் எம் சபையின் கூடத்தில் எத்துணை அன்போடு வரவேற்பினும், அயல்வீட்டு இந்துத் தாயும் இசுலாமியத் தந்தையும் தம் பிள்ளையை அங்கே அனுப்பச் சற்றே தயங்குவர். அத்தயக்கத்தை யாம் குறை கூறோம். எம்மை வேறொரு சமயத்தார் கூடத்திற்கு வாரந்தோறும் அனுப்பச் சொன்னால் எம் தாயாரும் அவ்வாறே தயங்குவார். ஆதலின், சாதி கேளாமலும் சமயம் கேளாமலும் காசு கேளாமலும் எல்லார் பிள்ளைகளையும் ஒரு கூரையின்கீழ் இருத்தத்தக்க இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது நூல்நிலையம். அதனையும் வெறும் செய்தித்தாள் அடுக்கும் அறையாக விட்டுவிடுதல் எவ்வளவு பெரிய இழப்பு!

நிற்க. இலவசம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பார் சிலர் உளர். கொடுப்பவர் மேலே நிற்பதாகவும் வாங்குபவர் கீழே நிற்பதாகவும் அச்சொல் ஒரு தோற்றத்தைத் தருகின்றது. நூல்நிலையத்தைப் பொறுத்தமட்டில் இது தவறு. தமிழ்நாட்டில் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே தண்டப்படுகின்றது. குடிசைக்காரரும் கடையில் ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போது ஏதோ ஒரு வரியைச் செலுத்தியே வருகின்றார். எனவே நூல்நிலையத்துக் கூட்டத்திற்கு வரும் சிறுவன் விருந்தாளியல்லன், பங்காளி. அவன் வீட்டார் முன்னரே விலை கொடுத்துவிட்டனர்.

நூல்நிலையம் நூலைக் கொடுப்பதோடு நின்றுவிடலாகாது என்பது எம் புதுக்கருத்தன்று. சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் கற்று, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராக அமர்ந்த அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் இதனை அன்றே வற்புறுத்தினார். பதவியேற்ற அண்மையில் அவர் இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்றார். குராய்டன் நகரத்து நூல்நிலையங்களிற் சிறுவர்க்கெனத் தனிப் பகுதியும் கதை சொல்லும் வேளையும் இருந்தமை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. திரும்பியபின் 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடிச் சேர்த்தல் நூலகரின் கடமை என்னும் கருத்தினது. தேடிச் சேர்த்தல் என்பது யாங்ஙனம்? அலமாரிக்குப் பின்னால் அமர்ந்து காத்திருந்தால் வாசகர் வருவாரா? வாரார். கதை சொல்லியும், படித்துக் காட்டியும், பேச்சு நிகழ்த்தியும் அழைத்தல் வேண்டும் என்றார் அவர். இப்பணியை ஒரு பொழுதுபோக்கு அணிகலனாக அவர் கருதவில்லை. நூலை வழங்குதல் எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாததாகவே கருதினார். சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்கும் அவர் உழைப்பே பெருங்காரணம்.

அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார், மாட்டுவண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். புத்தகம் இருக்கும் இடத்திற்கு ஊரார் வர இயலாதாயின், ஊரார் இருக்கும் இடத்திற்குப் புத்தகம் போகட்டும் என்பது அவர் துணிபு. அவ்வண்டி ஊர்ச்சாவடியில் நின்றபோது பிள்ளைகள் சூழ்ந்துகொண்டிருப்பர் என்பதையும், எழுத்தறிந்தவர் அறியாதவர்க்குப் படித்துக் காட்டியிருப்பர் என்பதையும் ஊகிக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை. 90 ஆண்டு கடந்துவிட்டது. மாடு இழுத்த தொலைவை நம் எந்திர வண்டிகளால் இழுக்க இயலாதா?

இனி, நம்மிடையே நூல்நிலைய விழாக்கள் நடைபெறுவதே இல்லையோ எனின், நடைபெறுகின்றன. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் கொண்டாடுகின்றோம். அவ்வாரத்தில் யாம் சென்றிருந்த விழா ஒன்றை, ஊர்ப்பெயர் சொல்லாமற் கூறுவோம். பிற்பகல் 3 மணிக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து இருத்தினர். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி ஐந்தரை. பொன்னாடைகள் போர்த்தப்பெற்றன, போர்த்தியவர்க்கும் போர்த்தப்பெற்றன. ஒப்புவித்தற் போட்டியில் மூவர்க்குப் பரிசு தரப்பெற்றது, ஏனையோர் கைதட்டினர். மேடையை அமைத்த இடம் எது தெரியுமோ? அலமாரிகளின் முன்பு! நூல்கள் எல்லாம் துணித்திரைக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. எம் அருகில் இருந்த சிறுமி ஒருத்தி திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்து, "அக்கா, அந்தப் படப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாமா?" என்று மெல்லக் கேட்டாள். விழா முடியட்டும் என்றார் அங்கிருந்த பெரியவர். விழா முடிந்தது, உடனே கதவும் சாத்தப்பெற்றது.

போட்டி என்பதே தீது என்று யாம் சொல்லவில்லை. ஆனால் தொண்ணூறு பிள்ளைகளை அழைத்து, மூவரைப் பொறுக்கியெடுத்து, எண்பத்தெழுவரை நீங்கள் தேறவில்லை என்று வீட்டுக்கு அனுப்புதல் பள்ளிக்கூடத்து வேலை. அதனை அங்கே வேண்டுமளவும் செய்துகொண்டுதான் இருக்கின்றனர். நூல்நிலையத்திலும் அதுவே நடக்குமாயின், தேறாத பிள்ளை மறுமுறை அவ்வாயிலை மிதிக்க ஏன் விரும்பும்? மேலும் ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழாவிற்குப் பழக்கம் ஆகும் வன்மை கிடையாது. தீபாவளிக்கு மட்டும் உண்டு உடம்பு வளர்த்தவர் உண்டோ?

கிழமைதோறும் அதே நாள், அதே நேரம், அதே இடம் என்னும் ஒழுங்கே இத்தகைய கூட்டங்களுக்கு உயிர். ஞாயிற்றுப்பள்ளியில் வளர்ந்தோர் இதனை நன்கறிவர். அங்கே எம்மை இழுத்தது பரிசன்று. வாரந்தோறும் ஒரு பாட்டும் ஒரு கதையும் தவறாமற் கிடைக்கும் என்ற உறுதியே இழுத்தது. மழை பெய்த நாளிலும் ஆசிரியையார் குடையோடு வந்து நின்றார். ஆகவே யாமும் சென்றோம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திற் 'பொன்மாலைப் பொழுது' என்னும் பெயரிற் சனிக்கிழமை மாலைகளில் எழுத்தாளரும் அறிஞரும் பேசும் கூட்டத்தை ஏற்படுத்தினர். கட்டணம் இல்லை, எவரும் கேட்கலாம், வினாவலாம். அதற்குப் பெயர் உண்டானது பேச்சாளர் சிறப்பால் மட்டுமன்று; சனிக்கிழமை என்றால் அங்கே பேச்சு உண்டு என்று சென்னையார் மனத்திற் பதிந்தமையால். சிங்கப்பூரில் அங் மோ கியோ நூல்நிலையத்தில் தமிழ் வாசகர் வட்டத்தார் கூடி நூல்களைப் பற்றி உரையாடி வந்திருக்கின்றனர். நாள் முழுதும் உழைத்துக் களைக்கும் அந்நகரத்தில் அவர்க்கு நேரம் கிடைத்ததாயின் நமக்குக் கிடையாதா?

எம் கண்ணுக்கு இவற்றினும் சிறந்ததாகத் தோன்றுவது மலையாள நாட்டு முறை. பி. என். பணிக்கர் என்பார் 1945-இல் திருவிதாங்கூரின் சிற்றூர் நூல்நிலையங்களை ஒரு சங்கமாக இணைத்தார். அவர் மறைந்த சூன் 19-ஆம் நாளை அங்கு வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றனர். அந்நாட்டு ஊர் நூல்நிலையங்களிற் சிறுவர்க்குப் பாலவேதி என்றும், மகளிர்க்கு வனிதாவேதி என்றும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. வேதி என்றால் மேடை. நூல்நிலையத்திற்குள் பிள்ளைகளுக்கென்று ஒரு மேடை! அதில் நிற்பவர் விருந்தினரல்லர், பிள்ளைகளே என்பதனை நோக்குக.

இளைஞர் கூடுதலால் என்ன விளையும் என்று எண்ணிக் கணக்கிட்டுக் காட்ட இயலாது. நம் புதுச்சேரியின் கதை ஒன்றே போதும். பாரதியார் 1908 முதல் 1918 வரை இப்பட்டணத்தில் வாழ்ந்தார். கனக சுப்புரத்தினம் என்னும் இளந் தமிழாசிரியர் ஒரு திருமண வீட்டில் அவர் பாடலைப் பாடினார். கேட்டிருந்தவர் நடுவே பாடலை இயற்றியவரே அமர்ந்திருந்தார் என்பது பாடியவர்க்குத் தெரியாது. அச்சந்திப்பின் பயனாக நமக்குக் கிடைத்தவர் பாரதிதாசன். தற்செயலாய் நேர்ந்த ஒரு கூட்டம் ஒரு பெரும் புலவரைத் தந்தது. அந்தத் தற்செயலைக் கிழமைக்கு ஒரு முறை நேரும்படி செய்தல் நூல்நிலையத்தால் ஆகும். எல்லாக் கிழமையும் புலவர் தோன்றார். தோன்ற வேண்டுவதும் இல்லை. தன் ஐயத்தை எழுந்து நின்று வினாவத் துணிந்த பிள்ளை ஒன்று தோன்றினாலும் யாம் அமைவோம்.

நூல்நிலையத்தை ஊரார் தமதென்று கொண்டால் அப்பற்று எத்துணை ஆழமுடையதாகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1933-இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து வழங்கத் தொடங்கினார். அது வளர்ந்து பொது நூல்நிலையம் ஆயிற்று. புனித பத்திரிசியார் கல்லூரித் தலைவராயிருந்த லாங் அடிகளார் புதுக் கட்டடத்திற்காக ஓயாது உழைத்தார். நம் இரங்கநாதனாரும் அறிவுரை வழங்கினார். 1959-இல் கட்டடம் திறக்கப்பெற்றது; பின்னர்ச் சிறுவர் பகுதியும் சொற்பொழிவு அரங்கும் அமைந்தன. 1981-ஆம் ஆண்டு மே முடிந்து சூன் பிறக்கும் இரவில் அது தீக்கிரையாக்கப்பெற்று, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எரிவதைத் தொலைவிலிருந்து கண்ட தாவீது அடிகள் என்னும் மொழியறிஞர் அதிர்ச்சியால் அன்றே உயிர்நீத்தார். தாம் கூடியிருந்த இடம் அது. ஆதலின் ஊரார் உற்றார் ஒருவரை இழந்தாற்போல் அழுதனர். பின்னர் அது மீண்டும் எழுப்பப்பெற்றுத் திறக்கப்பெற்றது. நம் ஊர்ப் படிப்பகம் ஒன்று நாளை மூடப்பட்டால் எத்தனை பேர் அறிவர் என்று எம்மை யாமே வினாவிக்கொண்டோம். விடை எமக்கு உவப்பாயில்லை.

எம் கருத்திற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவருள் ஒருவர் வாயை அடைக்க எம்மால் இயலாது, அடைக்கவும் விரும்போம். அவர் போட்டித் தேர்விற்குப் படிக்கும் இளைஞர். ஓரறை வீட்டில் தந்தையார் உறங்க, தம்பி தொலைக்காட்சி பார்க்க, தம் புத்தகத்தை ஏந்திக்கொண்டு நூல்நிலையத்திற்கு வருகின்றவர். அவர்க்கு அம்மேசையும் அமைதியும் சோற்றினும் பெரியவை. அவர் அருகில் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தால் அவர் எங்குச் செல்வார்? எனவே கூட்டத்திற்குத் தனி அறையோ, அஃதில்லையேல் திண்ணையோ மரநிழலோ வேண்டும். அதுவும் வாய்க்காத இடத்தில் நேரத்தைப் பகுத்துக்கொண்டு முன்கூட்டியே எழுதி ஒட்டுதல் வேண்டும். அவர் பங்கைப் பறித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் நீதியாகாது.

ஆள் இல்லை, பணம் இல்லை என்னும் மறுப்பு அத்துணை வலியதன்று. சிறு நூல்நிலையங்களில் ஒருவரே கதவைத் திறந்து, தூசி துடைத்து, பதிவேடு எழுதி, மாலையிற் பூட்டியும் செல்கின்றார் என்பதை அறிவோம். அவர் தலையில் இதனையும் சுமத்தல் கொடுமை. ஆனால் கதை சொல்ல ஊதியம் பெறுவார் வேண்டுமா? விடுமுறையில் ஊருக்குத் திரும்பும் கல்லூரி மாணவர் எத்தனை பேர்! பிரெஞ்சு மொழி அறிந்த முதியோர் நம் ஊரிற் பலர். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறிய காலையை நினைவிற் கொண்டோரும் இன்னும் உளர். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினால், எந்தப் புத்தகத்திலும் அகப்படாத வரலாறு பிள்ளைகள் காதில் விழும். அவர்கட்கு வேண்டுவது கைகள் உள்ள ஒரு நாற்காலியும் சிறிது வெந்நீருமே.

நேரம் குறித்தும் ஒரு சொல். மாலை 6 மணிக்கு மேல் வைத்தால் பெண்மக்கள் வாரார். வருவோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பர். ஞாயிறு முற்பகல் எம்மவர் வழிபாட்டு வேளை. வெள்ளி நண்பகல் இசுலாமியர்க்கு ஆகாது. சனிக்கிழமை 4 மணி முதல் 6 மணி வரை எல்லார்க்கும் இசையும் என்று கண்டோம்.

ஆதலின், மூலக்குளத்தைச் சேர்ந்த மாணவர் யாம் அறுவர், வரும் மே மாத விடுமுறையில் எட்டுச் சனிக்கிழமைகளுக்கு ஒரு கூடத்தின் திறவுகோலைத் தந்துதவுமாறு உரியவர்க்கு விண்ணப்பம் எழுதியிருக்கின்றோம். மேடை இல்லை, மாலை இல்லை, பரிசு இல்லை. முதல் அரை மணி கதை. அடுத்து அன்றைய செய்தித்தாளை உரக்கப் படித்தல். பின்னர் அலமாரியைத் திறந்து வைத்து விரும்பிய நூலைத் தொட்டுப் புரட்ட விடுதல். பாய்கள் பன்னிரண்டு கிடைத்துவிட்டன. எட்டாவது சனிக்கிழமை யாம் கல்லூரிக்குத் திரும்பிவிடுவோம். அதன்பின் நடத்துவார் யார் என்பதற்கு மட்டும் இன்னும் வழி காணவில்லை. அப்பக்கத்தில் வாழும் இக்கல்லூரிப் பழைய மாணவர் எவரேனும் இதனைக் கண்ணுறின், தமிழ்த் துறையின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார்களாக.